தேரை நிறுத்தும் விசை

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் முடிந்து நிற்கும்போது அதன் உயரம் 96 அடி. எடை சுமார் 300 டன் என்கிறார்கள். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் மக்கள் கூடுவார்கள். பின்னாலிருந்து தள்ள புல்டோசர்களும் வரும். ஆனால் அவ்வளவு பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரங்களை ஒட்டிக் குனிந்தபடி நடந்துவரும் சிலருடைய கையில் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது ஆப்பு வடிவில் செதுக்கிய முட்டுக்கட்டை. நெல்லைப் பக்கம் சறுக்குக்கட்டை என்பார்கள். கூட்டத்தின் கண் தேரின் உச்சியிலும் வடத்திலும்தான் இருக்கும். விசை, நிறை, இயக்கம் மூன்றையும் பாடப்புத்தகத்துக்கு வெளியே நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர், பார்வையைக் கீழே இறக்கி அந்தச் சக்கரத்தின் அடியைப் பார்க்க வேண்டும்.

இழுத்தால் வண்டி ஓடும், இழுப்பதை விட்டால் நின்றுவிடும். நமக்கெல்லாம் பழக்கப்பட்ட அனுபவம் இது. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டிலும் இப்படித்தான் எழுதினார்: நகரும் பொருளை ஏதோ ஒன்று நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், அது விலகினால் நகர்வும் ஓயும். அவரைக் குறைத்துப் பேசுவதில் நியாயம் இல்லை. உராய்வே இல்லாத ஓர் இடத்தை அவர் எங்கே போய்ப் பார்த்திருக்க முடியும்? ஆனால் தேர் அவர் சொன்னதற்குக் கட்டுப்படுவதில்லை. இழுப்பது மட்டுமே ஓட்டத்துக்குக் காரணம் என்றால், வடத்தைக் கீழே போட்ட நொடியிலேயே தேர் நின்றிருக்கும். முட்டுக்கட்டைக்கு வேலையே இருந்திருக்காது. வடம் தொய்ந்து தரையில் கிடக்கும்போதும் தேர் முன்னே வருகிறது. அப்போது அதை யார் இழுக்கிறார்கள்?

யாரும் இழுக்கவில்லை, இழுக்கவும் தேவையில்லை என்பதுதான் விடை. இதை ஏற்றுக்கொள்ள மனித குலத்துக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பிடித்தன.

அந்தத் தெளிவுக்கு வழி திறந்தவர் கலீலியோ. அவர் காலத்தில் நொடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் கிடையாது. மேலிருந்து விழும் பொருளோ கண் இமைப்பதற்குள் தரையைத் தொட்டுவிடும். ஆகவே விழுவதை மெதுவாக்க ஒரு வழி கண்டுபிடித்தார். மரப்பலகையில் வழவழப்பான காடி வெட்டி, பலகையைச் சற்றே சாய்த்து, அதில் வெண்கலக் குண்டை உருட்டினார். பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் நீரைப் பிடித்து நிறுத்து, அந்த எடையைக் கொண்டு நேரத்தைக் கணக்கிட்டார். சரிவில் இறங்கும் குண்டின் வேகம் சீராக ஏறிக்கொண்டே போவது தெரிந்தது. பிறகு எதிரே இன்னொரு சரிவை நினைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் இறங்கிய குண்டு அந்தப் பக்கம் ஏறுகிறது. உராய்வை ஒதுக்கிவிட்டால், கிளம்பிய உயரத்தையே மறுபடி எட்டுகிறது. எதிர்ச்சரிவின் சாய்வைக் குறைத்தால் அதே உயரத்தை எட்ட நெடுந்தூரம் ஓட வேண்டும். இன்னும் குறைத்தால் இன்னும் தூரம். சாய்வை அடியோடு எடுத்துவிட்டு மட்டமாக்கினால்? குண்டுக்கு எட்ட வேண்டிய உயரம் எப்போதும் வராது. அது ஓடிக்கொண்டே இருக்கும். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு எளிய பொருள்களைக் கொண்டு இவ்வளவு ஆழமான உண்மையைத் தொட்ட சிந்தனை வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக் காவலில் இருந்த முதிய வயதில் இந்த ஆய்வுகளை அவர் நூலாக்கினார். அது 1638-இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சானது.

1687-இல் நியூட்டன் தம் பிரின்கிப்பியா நூலில் இதையே முதல் விதியாக வைத்தார். வெளியிலிருந்து விசை எதுவும் மாற்றாதவரை, நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். ஓடும் பொருள் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பொருளுக்குள்ள இந்தப் பிடிவாதத்துக்கு நிலைமம் என்று பெயர். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இன்று நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைவிட்டு விலகிப் போகிறது. அதை முன்னே தள்ள எந்த எஞ்சினும் எரியவில்லை. தள்ள ஆள் இல்லாததால் அது நிற்கவில்லை. நிறுத்த ஆள் இல்லாததால் போகிறது.

ஆகவே விசையின் வேலை பொருளை ஓட வைத்துக்கொண்டே இருப்பது என்று நினைப்பதை முதலில் விட வேண்டும். ஓட்டத்தை மாற்றுவதே விசையின் வேலை. நிற்பதைக் கிளப்புவது, ஓடுவதை விரைவாக்குவது, மெதுவாக்குவது, திசை திருப்புவது எல்லாமே மாற்றங்கள்தாம். எவ்வளவு விசைக்கு எவ்வளவு மாற்றம் என்பதை இரண்டாம் விதி சொல்கிறது. பொருளின் மேல் எல்லாப் பக்கமிருந்தும் செயல்படும் விசைகளைக் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது நிகர விசை. அதை நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம் என்று பள்ளியில் படிக்கிறோமே, அந்த வடிவில் நியூட்டன் எழுதவில்லை. பொருளின் ‘இயக்க அளவு’ மாறுவதைப் பற்றித்தான் அவர் பேசினார். இன்றைய சமன்பாட்டின் வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்ததில் 18-ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லருக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி தேரைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 300 டன் என்றால் 3 லட்சம் கிலோகிராம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், தேர் தரையை அழுத்தும் எடை 30 லட்சம் நியூட்டன். இரும்புச் சக்கரம் உருளும்போது அச்சிலும் தரையிலும் ஏற்படும் தடை அந்த எடையில் 2 சதவீதம் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதாவது 60,000 நியூட்டன். மக்கள் சேர்ந்து 60,000 நியூட்டன் விசையோடு இழுத்தால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும் தேர் அதே வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். முன்னே இழுப்பதும் பின்னே இழுப்பதும் சமமாகி நிகர விசை சுழியம். வேகம் கூட வேண்டுமென்றால் அதற்கு மேல் இழுக்க வேண்டும். இன்னும் 30,000 நியூட்டன் சேர்த்து இழுத்தால், நொடிக்கு நொடி வேகம் 0.1 மீட்டர் கூடும். பத்து நொடியில் தேரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர், ஏறத்தாழ நாம் நடக்கும் வேகம். ஓர் ஆள் 200 நியூட்டன் விசை தருவார் என்றால், மொத்தம் 90,000 நியூட்டனுக்கு 450 பேர் போதும்.

போதும் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். நிலையில் நிற்கும் தேரைக் கிளப்பும்போது நிலைமை வேறு. நின்ற இடத்தில் சக்கரம் தரையை அழுத்திச் சிறு பள்ளம் செய்திருக்கும். அச்சில் பூசிய மசகு எடை தாங்காமல் பிதுங்கி வெளியே வந்திருக்கும். ஓடும்போது இருக்கும் உராய்வைவிட நிற்கும்போது இருக்கும் உராய்வு பெரியது. அந்த முதல் அங்குலத்துக்குத்தான் ஆயிரம் பேரின் மூச்சும் செலவாகிறது. அதனால்தான் பின்சக்கரங்களுக்கு அடியில் நீண்ட தடிகளைக் கொடுத்து நெம்புகிறார்கள். திருநெல்வேலி நெல்லையப்பர் தேரோட்டத்தில் தடி போடுவது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. நெம்புகோலின் நீண்ட முனையை ஆட்கள் பல அடி அழுத்தும்போது குறுகிய முனை சக்கரத்தை ஓர் அங்குலம் தள்ளும். தூரத்தைக் கொடுத்து விசையை வாங்கும் வியாபாரம் அது.

வடம் பிடிப்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடங்கள் அடுத்தடுத்து அறுந்ததைச் செய்திகளில் பார்த்திருப்போம். எந்த வடத்துக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. ஒரே சீராக இழுக்கும்போது அந்த எல்லைக்குள் நிற்கும் இழுவிசை, தொய்ந்து கிடந்த வடம் திடீரென இறுகும் கணத்தில் பல மடங்கு எகிறிவிடும். முன்னே ஓடிய நூற்றுக்கணக்கான உடல்களின் வேகம் முழுவதையும் அந்த ஒரு கணத்தில் வடம் நிறுத்த வேண்டியிருப்பதே காரணம். முதலில் வடத்தை இறுக்கிப் பிடித்து, பிறகு மெல்ல மெல்ல விசையைக் கூட்டுவதுதான் சரியான முறை. ஒரே தாளத்தில் குரல் கொடுத்து இழுப்பதன் பயனும் இங்கேதான் தெரிகிறது.

இழுப்பவர்களை எது முன்னே நகர்த்துகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். அவர்கள் தேரை எவ்வளவு விசையோடு முன்னே இழுக்கிறார்களோ, அதே அளவு விசையோடு தேர் அவர்களைப் பின்னே இழுக்கிறது. இது மூன்றாம் விதி. கூட்டம் பின்னால் இழுபட்டுப் போகாமல் இருப்பதற்குக் காரணம் தரை. ஒவ்வொருவரும் குதிகாலை ஊன்றித் தரையைப் பின்னே தள்ளுகிறார்கள். தரை அவர்களை முன்னே தள்ளுகிறது. தேரை ஓட்டும் விசை கடைசியில் வீதியிலிருந்துதான் வருகிறது. வீதி மழையில் நனைந்து வழுக்கினால் பத்தாயிரம் பேர் பிடித்தாலும் பயன் குறைவு.

இப்போது நிறுத்தும் வேலைக்கு வருவோம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தேரில் வடத்தை விட்டுவிட்டால், நாம் வைத்துக்கொண்ட 60,000 நியூட்டன் தடை அதை 5 நொடியில், இரண்டரை மீட்டர் தூரத்தில் நிறுத்தும். அதுவும் வீதி மட்டமாக இருந்தால். ஐம்பது அடிக்கு ஓர் அடி என்ற அளவில் வீதி இறங்கினாலே, சரிவு கொடுக்கும் விசை உராய்வுக்குச் சமமாகிவிடும். தேர் தானாக நிற்கவே நிற்காது. இந்தச் சரிவைக் கண்ணால் பார்த்தால் சரிவென்றே தோன்றாது. தேருக்குத் தெரியும். அரை மீட்டரில் நிறுத்தியாக வேண்டும் என்றால் அதற்குக் கிடைப்பது ஒரு நொடி. 3 லட்சம் நியூட்டன், அதாவது 30 டன் சரக்கின் எடைக்குச் சமமான விசை எதிர்த்திசையில் வேண்டும். பத்து நொடி இழுத்துக் கொடுத்த வேகத்தை ஒரே நொடியில் பறிக்க நினைத்தால், பத்து மடங்கு நிகர விசை கொடுத்தே ஆக வேண்டும். நூற்றுக்கணக்கானோர் செய்ததை ஒரு மரக்கட்டை எப்படித் திருப்புகிறது?

கட்டையை அருகில் பாருங்கள். ஒரு பக்கம் மெலிந்து, மறுபக்கம் தடித்திருக்கும். மெலிந்த முனை சக்கரத்தைப் பார்த்தபடி தரையில் விழுகிறது. சக்கரம் அதன்மேல் ஏறத் தொடங்குகிறது; மரம் நெரிபடும் ஓசை கேட்கும். கட்டையின் முகம் நசுங்கி நார் நாராகப் பிரியும். சில நேரம் தேய்ந்த இடத்தில் லேசாகப் புகையும். ஏறுகிற சக்கரம் தேரையும் சேர்த்துத் தூக்க வேண்டும். வேகமாக இருந்தது உயரமாக மாறுகிறது. கலீலியோ மனத்தில் அமைத்த எதிர்ச்சரிவு இதுதான். குட்டையாக, செங்குத்தாக, மரத்தில் செய்தது.

எவ்வளவு உயரம் ஏறினால் தேர் நிற்கும்? நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் எந்தப் பொருளும் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளக்கூடிய உயரம் 5 சென்டிமீட்டர்தான். பொருள் 300 டன் தேரானாலும் குழந்தை இழுக்கும் மர வண்டியானாலும் விடை மாறாது. நிறை கூடினால் இயக்க ஆற்றல் கூடுகிறது. தூக்க வேண்டிய எடையும் அதே விகிதத்தில் கூடுகிறது. நான்கு சக்கரங்களில் முன்னிரண்டு மட்டும் கட்டையில் ஏறினால், தேரின் நிறைமையம் ஏறத்தாழ பாதி உயரமே எழும். ஆகவே 10 சென்டிமீட்டர் வேண்டும். கட்டையின் மேல் தேய்வதும் கட்டை நசுங்குவதும் ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாகத் தின்றுவிடுவதால் இன்னும் குறைவாகவே போதும். இந்தக் கணக்கை யாரும் எழுதிவைக்காத காலத்திலேயே சரியான அளவில் கட்டையைச் செதுக்கிய கைகளை வணங்கத் தோன்றுகிறது.

அதே தேர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்தால் உயரமும் இரட்டிப்பாகும் என்றுதான் மனம் சொல்லும். உண்மையில் நான்கு மடங்காகும்: 5 சென்டிமீட்டருக்குப் பதில் 20. கட்டையைத் தாண்டிச் சக்கரம் இறங்கிப் போய்விடும் ஆபத்து இங்கேதான் பிறக்கிறது.

இந்த நான்கு மடங்கு விஷயம் ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் நீடித்த சண்டைக்குக் காரணமாக இருந்தது. ஓடும் பொருளின் வலிமையை எதை வைத்து அளப்பது? நிறையை வேகத்தால் பெருக்க வேண்டும் என்றனர் டேகார்ட்டைப் பின்பற்றியவர்கள். வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்று 1686-இல் லைப்னிட்ஸ் மறுத்தார். 1720-களில் ஹாலந்தைச் சேர்ந்த கிராவெசாண்டே பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரட்டிப்பானபோது களிமண்ணில் விழுந்த பள்ளம் நான்கு மடங்கானது. பிரான்ஸில் எமிலி து ஷாத்லே 1740-இல் வெளியிட்ட இயற்பியல் நூலில் இந்தச் சோதனையை எடுத்து வாதாடி லைப்னிட்ஸ் பக்கம் நின்றார். நியூட்டனின் பிரின்கிப்பியாவைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் அவரே. ஒரு பெண் இயற்பியலில் கருத்துச் சொல்வதையே ஏற்காத காலம் அது என்பதை மறக்கக்கூடாது.

இரு தரப்பும் சரி என்பது பின்னால் தெளிவானது. விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் உந்தம், அதாவது நிறை பெருக்கல் வேகம், எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்; அதில் வேகம் ஒரு முறை வரும். விசையை அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். அதில் வேகம் வர்க்கமாக வரும். நடக்கும் வேகத்தில் போகும் நம் தேரின் இயக்க ஆற்றல், மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு டன் காரின் ஆற்றலுக்குச் சமம். உந்தத்தில் தேரோடு போட்டியிட வேண்டுமென்றால் அந்தக் கார் மணிக்கு 1,080 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வேண்டும். மெதுவாகப் போகும் பெரிய பொருளைப் பார்த்து நம் கண் ஏமாறுவது இதனால்தான். சாலையில் நிலைமை தலைகீழ்: அங்கே நிறை சிறியது, வேகம் பெரியது. 40-இல் போன பைக்கை 80-இல் ஓட்டினால், பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்கு.

முட்டுக்கட்டை தேரைத் திருப்பவும் செய்கிறது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும். தேர் தயங்கிய பக்கமாகத் திரும்பும். கட்டையைச் சற்றுச் சாய்த்து வைத்தால் சக்கரம் ஒரு பக்கமாகச் சறுக்கி நகரும். விசைக்கு அளவோடு திசையும் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது. திருவாரூரில் வீதி முனை வந்ததும் சக்கரங்களுக்கு அடியில் கிரீஸ் பூசிய இரும்புத் தகடுகளைப் போட்டுத் தேரைத் திருப்புகிறார்கள். ஓடும்போது உதவிய பிடிப்பு, திரும்பும்போது தடையாகிறது. அதைக் குறைக்கத்தான் கிரீஸ்.

நிறை வேறு, எடை வேறு என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தாலும் பலர் மனத்தில் அது பதிவதில்லை. ஆழித்தேரை அப்படியே நிலவில் கொண்டுபோய் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே எடை ஆறில் ஒரு பங்கு. அழுத்தம் குறைவதால் உராய்வும் ஆறில் ஒரு பங்கு. இழுப்பது எளிதாகிவிட்டது என்று மகிழலாம். ஆனால் நிறை அதே 3 லட்சம் கிலோகிராம். அதே முடுக்கத்துக்கு அதே 30,000 நியூட்டன் நிகர விசை வேண்டும். நிறுத்துவதோ இங்கே இருப்பதைவிடக் கடினம். இரண்டரை மீட்டரில் தானாக நின்ற தேர் அங்கே 15 மீட்டர் ஓடும். கட்டையில் ஏறினால் 5 சென்டிமீட்டருக்குப் பதில் 30 சென்டிமீட்டர் ஏறும். எடை என்பது புவியோ நிலவோ பொருளை இழுக்கும் விசை. இடத்துக்கு இடம் மாறும். நிறை என்பது அந்தப் பொருள் மாற்றத்துக்குக் காட்டும் எதிர்ப்பு. எங்கே போனாலும் கூடவே வரும். எடையே உணர முடியாத விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தம் நிறையை அளப்பதும் இதை வைத்துத்தான். 1973-இல் பறந்த ஸ்கைலேபில் அவர்கள் சுருள்வில் பொருத்திய இருக்கையில் அமர்ந்து முன்னும் பின்னும் ஆடினார்கள். நிறை கூடியவர் மெதுவாக ஆடுவார். ஆடும் நேரத்தை அளந்தால் நிறை தெரிந்துவிடும்.

ஆழித்தேர் 1926-இல் தீயில் எரிந்து, 1930-இல் புதிதாகக் கட்டப்பட்டது. இடையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 1970-இல் மீண்டும் வீதிக்கு வந்தது. இன்று அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. பிரேக் வந்தது மிக நல்ல முன்னேற்றம். எல்லாப் பெரிய தேருக்கும் அது வர வேண்டும் என்பதே என் கருத்து. பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தை விட்டு அகலவில்லை, அகலவும் கூடாது.

தேரோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர் மெதுவாகத்தானே வருகிறது என்று நினைத்துச் சக்கரத்துக்கு முன்னால் போகாதீர்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சக்கரத்தை நெருங்காதீர்கள். கட்டை போடுபவருக்கும் சக்கரத்துக்கும் இடையே யாரும் நுழையக்கூடாது. அவர் கண் சக்கரத்தை விட்டு ஒரு நொடி விலகினாலும் அந்த நொடியில் தேர் ஒரு மீட்டர் வந்துவிடும். “தள்ளுங்க, தள்ளுங்க” என்று அவர் குரல் கொடுத்தால், ஏன் என்று கேட்காமல் உடனே விலகி வழி விடுங்கள்.